அரிய நிகழ்ச்சிகளின் கணக்கு

முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டலை என்னும் மூன்று ஆறுகள் கூடுமிடம் மூணாறு. அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் நம் தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்து வந்துள்ளனர். 1908 ஆம் ஆண்டு முதல் அம்மலையில் ஒரு சிறு இரயில் ஓடிற்று. அது தேயிலையை டாப் ஸ்டேஷன் வரை கொண்டு சேர்க்க, அங்கிருந்து கம்பிவடத்தின் வழியே அது போடிநாயக்கனூரை அடுத்த கொட்டகுடிக்கு இறங்கிற்று. 1924 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பெய்த பெருமழையில் அந்த இரயில் பாதை அழிந்தது, மீண்டும் அமைக்கப்படவில்லை. கொல்லம் ஆண்டு 1099 இல் நேர்ந்தமையால், 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று கேரள நாட்டார் அதனைக் குறிப்பிடுவர்.

இத்தகைய பேரிடரைக் கண்டவர், "யாரும் எதிர்பாராதது நடந்துவிட்டது" என்று சொல்லி அமைவது இயல்பு. ஆனால் அரிதாக நிகழ்வதற்கும் ஓர் ஒழுங்கு உண்டோ? அதனையும் கணக்கில் அடக்க இயலுமோ? இவ்வினாவிற்கு விடை காண்பதில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட தமிழர் ஒருவரைப் பற்றியே இங்குக் கூற விரும்புகின்றோம். அவர் எஸ். ஆர். ஸ்ரீநிவாச வரதன்.

வரதன் 1940 ஆம் ஆண்டு ஜனவரி 2 ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தையார் பள்ளி ஆசிரியர். மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் பயின்ற பின்னர், 1959 இல் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்திற்குச் சென்றார். தொழிற்சாலைகளுக்குப் பயன்படும் புள்ளியியலில் ஈடுபட வேண்டுமென்பதே அவரது முதல் எண்ணம். ஆனால் அங்கு அவருக்குக் கே. ஆர். பார்த்தசாரதி, ஆர். ரங்கராவ், வி. எஸ். வரதராஜன் என்னும் இளம் கணித அறிஞர்களின் தொடர்பு கிட்டியது. இந்நால்வரும் ஒருவருக்கொருவர் ஆசிரியரும் மாணவருமாக விளங்கி, நிகழ்தகவுக் கணிதத்தில் ஆழ்ந்தனர். பேராசிரியர் சி. ஆர். ராவ் அவர்களின் வழிகாட்டுதலில் 1963 இல் வரதன் டாக்டர் பட்டம் பெற்றார். நிகழ்தகவுக் கணிதத்திற்கு உறுதியான அடிப்படை வகுத்த ரஷ்யப் பேரறிஞர் கோல்மகோரவ் அவரது ஆய்வேட்டின் தேர்வாளர்களுள் ஒருவர். அதே ஆண்டில் நியூயார்க்கிலுள்ள கூரண்ட் கணித நிலையத்திற்குச் சென்ற வரதன், அதனையே தம் பணிக்களமாகக் கொண்டார். வேற்று மாநிலத்தில் வாழும் அன்பர்கள் இவ்வரலாற்றில் தம் வாழ்வின் சாயலையும் காணக்கூடும்.

அவரது ஆராய்ச்சியின் கருவை எளிய எடுத்துக்காட்டு ஒன்றால் விளக்கலாம். ஒரு காசை நூறு முறை சுண்டினால், ஐம்பது முறை அளவில் தலை விழும் என எதிர்பார்ப்போம். அறுபதும் அதற்கு மேலும் விழுவதற்கு, நூற்றில் மூன்றளவு வாய்ப்பு உண்டு. இனி, ஆயிரம் முறை சுண்டுவோமாயின், அறுநூறும் அதற்கு மேலும் விழும் வாய்ப்பு ஏறத்தாழ எழுநூறு கோடியில் ஒன்றாகச் சுருங்கிவிடுகின்றது. விகிதம் ஒன்றே, ஆயினும் வாய்ப்பு இவ்வளவு விரைவாகக் குறைகின்றது. அவ்வாறு குறையும் வேகத்தை அளப்பதே 'பெருவிலகல் கோட்பாடு' எனப்படுவது. காப்பீட்டு நிறுவனங்களின் இடர்களை ஆராய்ந்த சுவீடன் நாட்டு அறிஞர் கிராமர் 1938 இல் இதற்கு அடிகோலினார். 1966 இல் வரதன் வெளியிட்ட கட்டுரையொன்று, தனித்தனியாகக் கிடந்த கணக்குகளைப் பொதுமையான ஒரு கோட்பாட்டின்கீழ்க் கொணர்ந்தது.

இக்கோட்பாடு உணர்த்தும் உண்மை வியப்பிற்குரியது. மேற்கூறியவாறு ஆயிரத்தில் அறுநூறு தலைகள் விழுந்துவிட்டன என்றே வைத்துக்கொள்வோம். அது எவ்வாறு நேர்ந்திருக்கும்? முதல் இருநூறு முறையும் தொடர்ந்து தலையே விழுந்து, எஞ்சிய எண்ணூறில் வழக்கம்போல் பாதி விழுந்திருக்கலாம். அல்லது, ஒவ்வொரு நூற்றிலும் அறுபது என்று சீராகப் பரவியிருக்கலாம். இரண்டும் அரியனவே; ஆயினும் முன்னதைக் காட்டிலும் பின்னது எத்தனையோ மடங்கு எளிது. அரியதொன்று நிகழுமாயின், தனக்குள்ள வழிகளுள் மிக எளிய வழியையே அது பெரும்பாலும் தேர்ந்துகொள்ளும். அவ்வழியைக் கண்டுபிடித்தால், அந்நிகழ்ச்சியின் வாய்ப்பினையும் மதிப்பிடலாம்.

இக்கருத்தை வரதன் மன்ரோ டான்ஸ்கர் என்பாருடன் சேர்ந்து 1975 முதல் வரிசையாக வெளியிட்ட கட்டுரைகளில் விரித்தார். ஒழுங்கற்ற இயக்கங்களைக் குறித்து டேனியல் ஸ்டுரூக்குடன் அவர் எழுதிய நூல் 1979 இல் வெளிவந்தது.

எழுபது வயதைக் கடந்த பின்னரும் அவர் புதிய துறையொன்றில் புகுந்தார். எண்களைக் கட்டம் கட்டமாக நிரப்பிய பட்டியலை அணி என்பர். ஒவ்வொரு கட்டத்திலும் தற்செயலாக விழும் எண்ணை இட்டால், அது தற்செயல் அணி. இவ்வணிகளை 1950களில் அணுக்கருவின் ஆற்றல் நிலைகளை அறியப் பயன்படுத்தியவர் விக்னர். பெரிய அணியொன்றின் இயல்பைக் காட்டும் 'ஐகன் மதிப்புகள்' என்னும் எண்களைத் திரட்டி வரைந்தால், அரைவட்ட வடிவம் தோன்றுமென்று அவர் காட்டினார். இது வழக்கமான நிலை. அம்மதிப்புகளுள் சில வழக்கத்தை மீறிப் பேரளவினவாக அமைவது எத்துணை அரிது என்னும் வினாவினைச் சௌரவ் சட்டர்ஜியும் வரதனும் 2012 இல் வெளியிட்ட கட்டுரை ஆராய்ந்தது. தற்செயலாக இணைந்த வலைப்பின்னல்களைப் பற்றியும் அவ்விருவரும் அதற்கு முந்திய ஆண்டில் எழுதினர். ஓர் ஊரில் மும்மூவராக நட்புக் கொண்டோர் எதிர்பார்த்ததினும் மிகுந்திருப்பின், ஊர் முழுவதும் நட்புப் பெருகியிருத்தல் வேண்டும். அல்லது நெருங்கிய கூட்டமொன்று தனியே உருவாகியிருத்தல் வேண்டும். இவற்றுள் எது எளிய வழி என்பதே அங்கும் எழுந்த வினா.

2007 ஆம் ஆண்டில் நார்வே நாட்டின் ஆபெல் பரிசு வரதனுக்கு அளிக்கப்பட்டது. இந்தியாவில் பிறந்தோருள் அதனை முதன்முதல் பெற்றவர் அவரே. 2008 இல் பத்ம பூஷண் விருதும், 2023 இல் பத்ம விபூஷண் விருதும் அவரை வந்தடைந்தன.

மீண்டும் மூணாற்றிற்கு வருவோம். 2020 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 ஆம் நாள் இரவு, இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தொழிலாளர் லயங்களை மூடியது. எழுபது உயிர்கள் மாண்டன. அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். வரதனின் தேற்றங்கள் மழையின் நாளைக் குறித்துத் தருவன அல்ல. ஆயினும், 'அரிது' என்பதற்கு 'இல்லை' என்பது பொருளன்று என்னும் பாடத்தை நிகழ்தகவுக் கணிதம் நமக்குத் தெளிவாகப் புகட்டுகின்றது. ஓராண்டில் நூற்றிலொரு பங்கே வாய்ப்புள்ள வெள்ளம், அறுபதாண்டு வாழும் ஒருவர் தம் காலத்தில் ஒரு முறையேனும் காண நூற்றுக்கு 45 பங்கு வாய்ப்புடையது. மலைச்சரிவில் வீடு கட்டுவோரும் கட்டித் தருவோரும் இக்கணக்கினை மறவாதிருத்தல் நன்று. நேர்ந்த பின்னர் விதியென்று கூறி வருந்துவதினும், நேரக்கூடிய வழியை முன்னரே எண்ணிப் பார்த்தல் அறிவுடைமை அன்றோ?