உறுதி யாருடைய பெயரில்? லினக்ஸ் மீது வந்த வழக்கு

காணிப் பிரச்சினை என்று வந்தால் நமது ஊரில் முதலில் கேட்பது, "உறுதி யாருடைய பேரில இருக்கு?" என்பதுதான். கணினி உலகைப் பல வருடங்கள் கலங்கடித்த ஒரு வழக்கும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நின்றது.

நாம் பாவிக்கும் அன்ட்ரொயிட் போன்களுக்குள்ளே இயங்குவது லினக்ஸ். 1991 இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதைத் தொடங்கினார். அதன் நிரலை யாரும் வாசிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். ஒரே நிபந்தனை, திருத்திப் பகிர்பவர் அதே உரிமையை அடுத்தவருக்கும் கொடுக்க வேண்டும்.

2003 மார்ச்சில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இயங்கிய எஸ்.சி.ஓ. என்ற கம்பனி, ஐ.பி.எம். மீது வழக்குத் தொடுத்தது. யூனிக்ஸ் என்ற பழைய பணிசெயல் முறைமை தங்களுடையது, அதிலிருந்து எடுத்ததை ஐ.பி.எம். லினக்ஸில் சேர்த்துவிட்டது என்பதே குற்றச்சாட்டு. முதலில் 1 பில்லியன் டொலர் கேட்டவர்கள், பிறகு 5 பில்லியன் கேட்டார்கள்.

அத்தோடு நிற்கவில்லை. சுமார் 1,500 பெரிய கம்பனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. லினக்ஸ் பாவிப்பதற்கு 699 டொலரில் தொடங்கும் அனுமதிக் கட்டணம் கேட்கப்பட்டது. 2004 இல், லினக்ஸைப் பாவித்த வாகன உதிரிப்பாகக் கம்பனியான ஓட்டோசோன் மீதும் வழக்கு வந்தது. எழுதியவர் மட்டுமல்ல, பாவித்தவரும் நீதிமன்றம் ஏற வேண்டிய நிலை. எந்த வரிகள் எடுக்கப்பட்டவை என்று காட்டினால் நீக்கிவிடத் தயார் என்றது லினக்ஸ் தரப்பு. எஸ்.சி.ஓ. அதை முழுமையாகப் பகிரங்கப்படுத்தவே இல்லை.

இந்த இடத்தில்தான் நொவெல் கம்பனி வாய் திறந்தது. 1995 இல் யூனிக்ஸ் வியாபாரத்தை விற்றது அவர்கள்தான். வியாபாரத்தைத்தான் விற்றோம், பதிப்புரிமையை விற்கவில்லை என்றார்கள். ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்தால், விற்பனையில் சேராதவற்றின் பட்டியலில் பதிப்புரிமையும் இருந்தது. 1996 இல் செய்யப்பட்ட திருத்தம் அதை மாற்றிவிட்டது என்று எஸ்.சி.ஓ. வாதாடியது.

2007 ஓகஸ்ட்டில் நீதிபதி டேல் கிம்பல், பதிப்புரிமை நொவெலுக்கே என்று தீர்ப்பளித்தார். அடுத்த மாதமே எஸ்.சி.ஓ. வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. மேன்முறையீட்டால் வழக்கு மீண்டும் விசாரணைக்கு வந்தபோது, 2010 இல் ஜூரிகளும் நொவெலுக்கே என்றார்கள். 2011 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. ஐ.பி.எம். வழக்கின் மிச்சம் 2021 இல் 14.25 மில்லியன் டொலர் சமரசத்தோடு முடிந்தது. கேட்டது 5 பில்லியன், சென்றது 18 வருடங்கள்.

இலவசமாகக் கிடைப்பதற்கு உரிமையாளர் இல்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது சரியல்ல. லினக்ஸின் அந்த நிபந்தனை செல்லுபடியாவதும் பதிப்புரிமைச் சட்டத்தால்தான். அடுத்தவர் உழைப்பை மதிக்க வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் ஒரே சட்டம். ஆனால் உரிமை கோரி வருபவரிடம் காசை எடுத்துக் கொடுக்க முன்னர், உறுதியை வாங்கி வாசிக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்குக் கணினியோடு சேர்த்து இந்தப் பழக்கத்தையும் சொல்லிக் கொடுப்போம்.