பகலில் நிழல், இரவில் வெளி

மதுரை நாட்டில் பிறந்தவர்களுக்கு நரியைப் பரியாக்கிய கதையை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. குதிரை வாங்கி வருமாறு பாண்டியன் பெரும்பொருள் கொடுத்து வாதவூரரை அனுப்பினான். பொருள் திருப்பெருந்துறையில் திருப்பணிக்குச் செலவாயிற்று. இறைவன் நரிகளைக் குதிரைகளாக்கிக் கொணர்ந்தான். பாண்டியன் மகிழ்ந்து அவற்றை லாயத்தில் கட்டுவித்தான். அன்றிரவே அவை மீண்டும் நரிகளாகி, அங்கிருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடின. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இக்கதை விரிவாக உள்ளது.

பக்தர்கள் இதில் காண்பது இறைவனின் திருவருள். சரித்திரம் பயில்கின்ற நான் காண்பது மற்றொரு காட்சி. கருவூலத்தைத் திறந்து கடற்கரைக்குப் பொன்னை அனுப்பிய அரசன் ஒருவன், பொழுது விடிந்தபோது தன் லாயம் வெறுமையாகக் கிடப்பதைக் காண்கிறான். பாண்டிய நாட்டு வரலாற்றில் அது வெறும் கற்பனையன்று. ஆண்டுதோறும் வாங்கிய குதிரைகள் ஆண்டு முடிவதற்குள் மறைந்துகொண்டேயிருந்தன. அவை நரிகளாகி ஓடவில்லை; மாண்டுபோயின. ஏன் மாண்டன என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

தமிழ்நாடு யானை பிறக்கும் நாடு. நல்ல போர்க்குதிரை பிறக்கும் நாடன்று. ஆதலால் மிகப் பழங்காலந்தொட்டே குதிரை நமக்குக் கடல்வழி வந்த செல்வமாயிற்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்து குவிந்த பண்டங்களைக் கூறும் பட்டினப்பாலை, கடல்மேல் வந்த குதிரைகளையும் சேர்த்துக் கூறுகிறது. இடைக்காலக் கல்வெட்டுகளிலே மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் என்னும் வணிகர் காணப்படுகின்றனர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆண்ட காலத்தில், தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்திலிருந்த காயல் துறைமுகம் இவ்வாணிகத்தின் தலைவாயிலாக விளங்கியது.

அக்காலத்து நிலைமையை நமக்கு அறிவிப்போர் இருவர். ஒருவர், சீனத்திலிருந்து தாயகம் திரும்பும் வழியில் 1292ஆம் ஆண்டையொட்டி இக்கரையைக் கண்ட வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ. மற்றவர், பாரசீக மொழியில் வரலாறு எழுதிய வஸ்ஸாப். ஹொர்முஸ், கீஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைக் கப்பல்கள் வந்தன என்றும், அரசனொருவனே ஆண்டுக்கு இரண்டாயிரம் குதிரைகளுக்கு மேல் வாங்கினான் என்றும், அவன் உடன்பிறந்தாரும் அவ்வாறே வாங்கினர் என்றும் போலோ எழுதுகிறார். வஸ்ஸாப் தரும் கணக்கு இன்னும் பெரிது. ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள். குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார். ஆக மொத்தம் 22 லட்சம் தினார். கடலிலே இறந்த குதிரைக்கும் கருவூலத்திலிருந்தே விலை கொடுக்கப்பட்டதென்று அவர் கூறுகிறார்.

இருவரும் அயல்நாட்டார், இருவர் கணக்கும் வேறுபடுகிறது. ஆகவே எண்களை அப்படியே நம்பிவிடாமல், இருவரும் ஒத்துச் சொல்லும் செய்தியைப் பற்றிக்கொள்வதே சரித்திர மாணவனுக்கு அழகு. அச்செய்தி ஒன்று உண்டு. வந்த குதிரைகள் இந்நாட்டில் நிலைக்கவில்லை. ஆண்டு முடிவில் நூறு குதிரைகள்கூட எஞ்சுவதில்லை என்கிறார் போலோ. வலிமையும் விரைவும் மிக்க குதிரைகள் சிறிது காலத்திலேயே சோர்ந்து பயனற்றுப் போயின என்கிறார் வஸ்ஸாப். குதிரையைப் பேணும் முறை அறியாமையும், மருத்துவம் அறிந்த லாடக்காரர் இல்லாமையுமே காரணம் என்று போலோ கூறிவிட்டு, மற்றொரு செய்தியையும் சேர்க்கிறார். குதிரை விற்ற வணிகர்கள் அத்தகைய லாடக்காரரை இங்குக் கொண்டுவருவதில்லை. பிறர் வருவதையும் தடுத்தார்கள். குதிரை சாகச் சாகத்தானே வாணிகம் வளரும்?

பேணும் முறை அறியாமை என்றால் என்ன? இவ்வினாவுக்கு எனக்கு முதல் விடை கூறியவர் ஒரு ஜட்கா வண்டிக்காரர்.

என் இளமையில் எங்கள் ஊர் ரயில் நிலையத்து வாசலில் நாலைந்து ஜட்காக்கள் நிற்கும். அவற்றுள் ஒன்றன் உரிமையாளர் முதியவர். எழுதப் படிக்க அறியாதவர். காலை வண்டிக்கும் மாலை வண்டிக்கும் சவாரி ஏற்றுவார். சித்திரை வைகாசி மாதங்களில் நடுப்பகல் முழுவதும் அவருடைய குதிரை, நாற்புறமும் காற்று நுழையும் கீற்றுக் கொட்டகையில் நிற்கும். இருட்டியதும் முன்னங்கால்களுக்குத் தளர்வாகத் தளையிட்டு, அதனை ஏரி உள்வாயில் ஈரம் கண்ட இடத்து அருகம்புல்லில் மேயவிடுவார். விடியுமுன் போய் ஓட்டிவருவார். ஊரார் மாடுகளெல்லாம் பகலில் மேய்ந்து இரவில் தொழுவில் அடைந்திருக்க, இவர் மட்டும் முறையை மாற்றிச் செய்வது எனக்கு வியப்பாக இருந்தது.

“தாத்தா, ராத்திரியில் எதற்கு அவிழ்த்துவிடுகிறீர்கள்?” என்று ஒருநாள் கேட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “தம்பி, கோடையிலே பகலில் அவிழ்த்துவிட்டால் ஈ குதிரையைத் தின்னும். ராத்திரியில் அவிழ்த்துவிட்டால் குதிரை புல்லைத் தின்னும்.”

அன்று நானும் சிரித்தேன். பல ஆண்டுகளுக்குப் பின்னர்க் கால்நடை மருத்துவ நூல்களைப் புரட்டியபோதுதான், அம்முதியவர் ஒரு பாடத்தையே இரண்டு வாக்கியங்களில் அடக்கிவிட்டார் என்பது விளங்கிற்று.

மாடு விரைவாக மேய்ந்து, பின்னர் நிழலில் படுத்து அசைபோடும். குதிரை அசைபோடும் விலங்கன்று. அதன் உடம்பை நோக்க அதன் இரைப்பை சிறியது. ஆதலால் சிறிது சிறிதாக, நடந்துகொண்டே, ஒரு நாளில் பதினைந்து மணி நேரம்வரைகூட அது மேய்ந்துகொண்டிருக்கும். உறக்கமோ குறைவு, பெரும்பாலும் நின்றபடியே கண்ணயரும். அதன் கண்ணின் உட்புறத்திலே ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்று இருத்தலால், மங்கிய நிலவொளியிலும் அதற்கு வழி தெரியும். ஆகவே இரவு மேய்ச்சல் அதற்கு இயல்பானதே. பகல் வெயிலோ அவ்வாறன்று. குதிரை வியர்த்து உடம்பைக் குளிர்வித்துக்கொள்ளும் விலங்கு. கடுமையாக ஓடும்போது ஒரு மணி நேரத்தில் பத்து லிட்டருக்கு மேலும் வியர்வை வெளியேறலாம். அந்த வியர்வை காற்றில் உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். பாலையின் வறண்ட காற்றில் உலரும் வியர்வை, புழுக்கம் மிகுந்த கடற்கரையில் எளிதில் உலர்வதில்லை. வெப்பமும் ஈரமும் மிக்க நாடுகளுக்குக் கொண்டுவரப்பட்ட குதிரைகளுள் சில, வியர்க்கும் ஆற்றலையே இழந்துவிடுவதையும் மருத்துவர்கள் கண்டிருக்கின்றனர்.

இனி ஈயைக் கவனிப்போம். குதிரையைக் கடித்துக் குருதி குடிக்கும் பெரிய ஈக்கள் பகலில் பறப்பவை. அவை தரும் துன்பம் கடியோடு முடிவதில்லை. 1880ஆம் ஆண்டில் பஞ்சாபில் பணியாற்றிய கிரிபித் எவான்ஸ் என்ற மருத்துவர், ‘சுர்ரா’ என்னும் கொடிய நோயால் வருந்திய குதிரைகளின் குருதியில் நுண்ணுயிர் ஒன்றைக் கண்டுபிடித்தார். அந்நோயை ஒரு விலங்கிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்வன இக்கடி ஈக்களே. நடுப்பகலில் நிழற் கொட்டகையும் இரவில் திறந்தவெளியும் என்று வகுத்த முதியவர், இந்நுண்ணுயிரின் பெயரைக் கேட்டவரல்லர். எனினும் அதன் வழியை ஓரளவு அடைத்துவிட்டார்.

இப்பொழுது பாண்டியன் லாயத்துக்குத் திரும்புவோம். அங்கே நடந்ததை வஸ்ஸாப் விவரிக்கிறார். வந்திறங்கிய குதிரைகளை நாற்பது நாள் முளையடித்துக் கயிற்றால் கட்டிவைத்தார்கள். வறுத்த வாற்கோதுமையும் நெய்யிட்ட தானியமும் ஊட்டினார்கள். காய்ச்சிய பசும்பாலைப் பருகக் கொடுத்தார்கள். உடம்பு கொழுத்ததும், பழக்காமலேயே, அங்கவடியும் இன்றி ஏறிக் கடுமையாக ஓட்டினார்கள். மார்க்கோ போலோவோ, இறைச்சியோடு வேகவைத்த சோற்றைக் குதிரைக்கு ஊட்டினர் என்கிறார்.

நேயர்களே, இதில் கொடுமை இல்லை; அன்பே இருக்கிறது. விருந்தினருக்கு நெய்யும் பாலும் படைப்பதுபோலக் குதிரைக்கும் படைத்தார்கள். ஆனால் அறியாத அன்பு நஞ்சாகிவிடும். புல்லுக்கென அமைந்த குடலில் தானியம் மிகுந்தால் வயிற்றுவலியும் குளம்பழற்சியும் தோன்றும். குதிரையால் வாந்தி எடுக்கவும் இயலாது. நகராமல் நின்று தின்ற குதிரையைத் திடீரென்று ஓட்டினாலோ, தசைகள் கட்டையாக இறுகிப் போகும். ஐரோப்பாவில் வண்டிக் குதிரைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை முழுத் தீனியோடு ஓய்வளித்து மறுநாள் பூட்டியபோது இந்நோய் கண்டது. அதனால் அதற்குத் திங்கட்கிழமை நோய் என்றே பெயர். ஒருநாள் ஓய்வே இவ்வளவு செய்யுமானால், நாற்பது நாள் கட்டு என்ன செய்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

குதிரை பேணும் அறிவு இந்நாட்டில் எங்குமே இல்லாதிருந்தது என்றும் கருதவேண்டா. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் குதிரைப் படைக்கெனத் தனி அதிகாரியை வகுத்து, லாயம் அமையவேண்டிய முறையையும் கூறுகிறது. லாயத்தின் நடுவே குதிரை புரள இடம் வேண்டும். சாணமும் சிறுநீரும் அகல வழி வேண்டும். வாயில் வடக்கு நோக்கியோ கிழக்கு நோக்கியோ இருக்கவேண்டும் என்பன அதன் விதிகள். அத்தகைய வாயிலில் மாலை வெயில் உள்ளே நுழையாது என்பதை நினைவிற்கொள்ளுங்கள். அறிவு ஏட்டிலே இருந்தது. ஏட்டில் இருப்பது வேறு. அன்றாடம் லாயத்தில் நிற்பவன் கையில் இருப்பது வேறு.

இனி ஓர் எச்சரிக்கை. பகலில் நிழல், இரவில் வெளி என்பதை எல்லா நாட்டுக்கும் உரிய மந்திரமாக மனப்பாடம் செய்துவிடாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் இதற்கு நேர்மாறான முறையைக் கையாண்டார்கள். பொழுது சாயுமுன் குதிரைகளை லாயத்தில் அடைத்து, விடிந்து வெயில் ஏறிய பின்னரே வெளியே விட்டார்கள். இரவில் வெளியே நின்ற குதிரைகள் ஒரு கொள்ளைநோயால் மாண்டதை அவர்கள் அனுபவத்தில் கண்டிருந்தார்கள். அந்நோயைப் பரப்புவது, இருளில் பறக்கும், கொசுவினும் சிறிய ஒரு கடிபூச்சி என்பது இருபதாம் நூற்றாண்டிலேதான் உறுதிப்பட்டது. 1959 முதல் 1961 வரை அதே நோய் மேற்கு ஆசியாவைக் கடந்து இந்தியாவிலும் புகுந்தபோது, அப்பரப்பில் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட குதிரை இனப் பிராணிகள் இறந்தன. ஓரிடத்தில் பகை பகலில் பறக்கிறது. மற்றோரிடத்தில் இரவில் பறக்கிறது. முறை மாறலாம். நிலத்தையும் பொழுதையும் விலங்கின் உடம்பையும் கூர்ந்து நோக்கவேண்டும் என்ற நியதி மட்டும் மாறுவதில்லை.

அந்நியதியை மறந்த அரசுகள் அதற்குரிய விலையைச் செலுத்திக்கொண்டே இருந்தன. பாண்டியருக்கு இரு நூற்றாண்டுகளுக்குப்பின் விஜயநகரத்தை ஆண்ட சாளுவ நரசிம்மன், குதிரைகளை உயிரோடு வந்தாலும் இறந்து வந்தாலும் ஆயிரம் பர்தாவுக்கு மூன்று என்ற கணக்கில் வாங்கினான் என்றும், கடலில் இறந்த குதிரையின் வாலை மட்டும் காட்டினாலே வணிகருக்கு முழு விலையும் கிடைத்தது என்றும் போர்த்துக்கீசியரான நூனிஸ் எழுதிவைத்திருக்கிறார். குதிரையின் வாலுக்குப் பொன் கொடுத்த கருவூலங்கள், குதிரை அறிந்தவனின் சொல்லுக்கு அதில் ஒரு பங்கேனும் கொடுத்திருந்தால் நம் நாட்டுப் பொன் எவ்வளவோ மிஞ்சியிருக்கும்.

இளம் நண்பர்களே, சரித்திர நூலில் அரசர் பெயரைப் படிக்கிறீர்கள். போர் நடந்த ஆண்டைப் படிக்கிறீர்கள். குதிரையைக் கட்டியவன் பெயரை எந்தக் கல்வெட்டிலும் எளிதில் காணமாட்டீர்கள். ஆயினும் குதிரை பிழைப்பதும் சாவதும் அவன் அறிவைப் பொறுத்தே இருந்தது. கப்பலில் குதிரையை ஏற்றி அனுப்பலாம். அந்த அறிவை ஏற்றி அனுப்ப எந்த வணிகனும் உடன்படவில்லை. அது ஓரிடத்தில் இருந்து, பார்த்துப் பார்த்துப் பெறவேண்டியது.

எங்கள் ஊர் ஜட்காக்கள் மறைந்துவிட்டன. நான் சிறுவனாக இருந்தபோது, கோடை இரவில் ஏரிக்கரை வழியே வருகையில், இருளுக்குள்ளிருந்து குதிரை புல்லைக் கரும்பும் ஓசை ‘கரக் கரக்’ என்று சீராகக் கேட்கும். ஆயிரம் பொன் கொடுத்தும் பாண்டியன் தன் லாயத்தில் கேட்க முடியாத ஓசை அது என்பதை நான் அன்று அறிந்தேனில்லை.