குழிதோண்டும் தரை வண்டும் அறுகம்புல்லும்

விலங்கியலார் ஸ்காரிட்டெஸ் சப்டெரேனியஸ் என வழங்கும் குழிதோண்டும் தரை வண்டு வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பூச்சி. தாவரவியலார் சைனோடான் டாக்டிலான் எனக் குறிக்கும் அறுகம்புல் பழைய உலகத்தினின்று அங்குச் சென்று பரவி, இன்று உஷ்ணப் பிரதேசங்களில் எல்லாம் புல்தரைக்கென வளர்க்கப்படுவது. ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இவ்விரண்டும் ஒரே தரையில் வாழ்வதால், விலங்குக்கும் தாவரத்துக்கும் உள்ள பேதங்களையும் சம்பந்தங்களையும் ஒருங்கே ஆராய இவை தக்க உதாரணங்களாகின்றன.

வகைப்பாடு: வண்டை 1775இல் ஃபப்ரீஷியஸ் விவரித்தார். அது கராபிடே என்னும் தரை வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. அறுகுக்கு 1753இல் லின்னேயஸ் வேறொரு பேரினத்தின் கீழ்ப் பெயரிட, 1805இல் பெர்சூன் அதனை இப்போதுள்ள இடத்திற்கு மாற்றினார். நெல்லும் கரும்பும் மூங்கிலும் அடங்கிய போயேசியே என்னும் புற்குடும்பமே அதன் குடும்பம்.

சரீர அமைப்பு: ஏறக்குறைய 2 செ.மீ. நீளமுள்ள இவ்வண்டு கரிய பளபளப்புடையது. இதன் மார்புக்கும், நீளவாட்டில் வரிப்பள்ளங்கள் ஓடும் சிறகுறைகளுக்கும் இடையே உடல் ஒரு காம்பு போலக் குறுகியிருப்பது இவ்வினத்தின் விசேஷ அடையாளம். முன்கால்கள் அகன்று, விளிம்பில் பற்கள் கொண்டு மண்ணைத் தோண்டுவதற்கென்றே அமைந்திருக்க, தலையின் முன்னே நீண்ட தாடைகள் குறுக்கிட்டு நிற்கின்றன. அறுகிலோ தோண்டும் தொழிலை வேர்களும் தண்டுகளும் பகிர்ந்துகொள்கின்றன. தரைமேல் படரும் ஓடுதண்டுகள் கணுதோறும் வேரூன்ற, மண்ணுக்குள் செல்லும் மட்டநிலத்தண்டுகள் வறட்சிக் காலத்திலும் உயிரைக் காத்துவைக்கின்றன. இலைத்தாளும் உறையும் சேருமிடத்தில் வெண்மயிர் வளையம் ஒன்றைக் காணலாம். வண்டின் ஓட்டிலுள்ள கைட்டினும் புல்லின் செல்சுவரிலுள்ள செல்லுலோஸும் குளுக்கோஸ் சார்ந்த நீண்ட சங்கிலிகளே. கைட்டினில் நைட்ரஜன் கலந்த பகுதி இருப்பதே முக்கிய வேற்றுமை.

உணவும் சுவாசமும்: அறுகு, நான்கு கரி அணுக்கள் கொண்ட பொருளை முதலில் உண்டாக்கும் ஒளிச்சேர்க்கை முறையைக் கையாள்வதால், கடும் வெயிலிலும் தண்ணீரை வீணாக்காது செழிக்கிறது, குளிர் மிகுந்தால் பழுப்பேறி உறங்குகிறது. வண்டுக்கு அத்தகைய சக்தி இல்லை. அது இரவில் வளையைவிட்டு வெளிவந்து, வெட்டுப்புழு முதலிய ஜந்துக்களை வேட்டையாடி உண்கிறது. புல் இலைத்துளைகளாலும், வண்டு உடலின் இருபக்கத் துளைகளோடு இணைந்த மூச்சுக்குழல்களாலும் வாயுக்களைப் பரிமாறிக்கொள்கின்றன.

இனப்பெருக்கம்: வண்டு முட்டை, புழு, கூட்டுப்புழு, முழுவளர்ச்சி என்னும் நான்கு பருவங்களைக் கடக்கிறது. அறுகின் மஞ்சரியில் ஒரே இடத்தினின்று கிளைத்து விரல்களைப்போல் விரியும் சில கதிர்களும், அவற்றின் ஒருபுறத்தில் இரு வரிசையாய் அடுக்கிய சிறுகதிர்களும் உண்டு. மகரந்தத்தைக் காற்றே சுமந்துசெல்கிறது. ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டன் நகரில் ஆராய்ச்சி செய்த கிளென் பர்ட்டன் 1960இல் வெளியிட்ட டிஃப்வே என்னும் கலப்பினமோ விதை தருவதில்லை. தண்டுத்துண்டுகளை நட்டே அதைப் பெருக்குகின்றனர்.

தற்காப்பு: தொட்டால் இவ்வண்டு கால்களை ஒடுக்கி, உயிர் நீங்கியதுபோல் அசைவற்றுக் கிடக்கும், ஆபத்து விலகிய பின் எழுந்து ஓடும். ஓட இயலாத புல், இழந்ததை மீண்டும் வளர்க்கும் ஆற்றலையே அரணாகக் கொண்டுள்ளது. வளரும் திசுக்கள் இலையின் அடியிலும் கணுக்களிலும் தாழ அமைந்திருத்தலின், ஆடுமாடுகள் மேய்ந்தாலும் பொறியால் மட்டமாக வெட்டினாலும் அது மறுபடி தழைக்கிறது.

பரஸ்பர சம்பந்தம்: அறுகின் இலையை வெட்டுப்புழு தின்ன, வெட்டுப்புழுவை வண்டு தின்கிறது, ஆகவே புல் சூரிய ஒளியிலிருந்து சேமித்த சக்தி இரண்டாம் படியில் வண்டை வந்தடைகிறது. வண்டுக்குப் புற்செறிவு நிழலையும் ஈரத்தையும் அளிக்க, வண்டு வளை தோண்டுவதால் மண் இளகி நீரும் காற்றும் உட்புகுகின்றன.

மனிதரும் இவையும்: அறுகு மண்ணரிப்பைத் தடுக்கும், கால்நடைக்குத் தீவனமாகும், தமிழ்நாட்டில் விநாயகர் பூஜைக்கும் சித்த வைத்தியத்திற்கும் உரியது. ஆயினும் வயலில் புகுந்தால் ஒழித்தற்கரிய களையாகிவிடும். வண்டு பயிரழிக்கும் புழுக்களைக் குறைப்பதால் உழவர்க்கு நன்மை செய்வதே. புல்தரையில் புழுவைக் கண்டவுடன் பலவகைப் பூச்சிகளையும் ஒருசேரக் கொல்லும் மருந்தைத் தெளிப்போர், புழுவோடு அதன் பகையாகிய வண்டையும் அழித்துவிடக்கூடும். ஆதலால் சேதம் மிகுதியாகும்போது மட்டும், பாதிக்கப்பட்ட இடத்தில் மட்டும் மருந்திடுவதே தக்க முறையாகும்.