கோப்பை கழுவிய கையும் கூடைப்பந்தும்



மார்ச் மாதம் பிறந்தால் அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்தாட்டம்தான் பேச்சு. இந்த ஆட்டத்தைத் தொடக்கியவர் நமது மொன்றியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் படித்த கனடியரான ஜேம்ஸ் நெய்ஸ்மித். 1891 டிசெம்பரில், அமெரிக்காவின் ஸ்பிறிங்பீல்ட் நகரில், பழக்கூடைகளை ஆணியடித்து மாட்டி இதை ஆரம்பித்தார்.

அங்கே கல்லூரிகள் பல குழுமங்களாகப் பிரிந்து விளையாடுகின்றன. பருவ முடிவில் குழுமத்துக்குள் ஒரு சுற்றுப்போட்டி நடக்கும். தோற்றால் வெளியே, கிண்ணத்தை வென்றால் தேசியச் சுற்றுப்போட்டிக்கு நேரடி இடம். முன்பு ஒரு குழுமத்திலிருந்து ஓர் அணி மட்டுமே போகலாம். 1974 இல் அத்திலாந்திக் கரைக் குழுமத்தின் இறுதியாட்டத்தில் பலம் வாய்ந்த மேரிலாந்து அணி, மேலதிக நேரத்தில் 103-100 என்று வட கரோலினா ஸ்ரேற் அணியிடம் தோற்றது. அவ்வளவுதான், தேசியப் போட்டியின் கதவு மூடிவிட்டது. இது பலரின் மனதை உறுத்தியது. 1975 முதல் ஒரு குழுமத்திலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட அணிகள் போகலாம் என விதி மாறியது.

அந்த மாற்றத்தின் பயனை 2017 இல் ஒறிகன் பல்கலைக்கழகம் கண்டது. அதில் விளையாடியவர் கிறிஸ் பூஷே. சென் லூசியாத் தீவில் பிறந்து, சிறுவயதில் மொன்றியலுக்கு வந்தவர். படிப்பை இடையில் விட்டு, உணவகத்தில் கோப்பை கழுவியவர். அந்த வேலை எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்! பதின்ம வயது முடியும் வேளையில்தான் அவர் ஒழுங்கான அணியொன்றில் சேர்ந்தார். பிறகு இரண்டு சிறிய கல்லூரிகளைத் தாண்டி ஒறிகனுக்குப் போனார்.

2017 மார்ச்சில் பசிபிக்-12 குழுமத்தின் அரையிறுதியில் அவருடைய முழங்காற் சவ்வு கிழிந்தது. பருவம் முடிந்தது. மறுநாள் இறுதியாட்டத்தில் ஒறிகன் அரிசோனாவிடம் தோற்றது. பழைய விதியென்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் தேசியப் போட்டிக்குப் போன ஒறிகன், 1939 க்குப் பின் முதன்முறையாகக் கடைசி நான்கு அணிகளுள் ஒன்றானது. பூஷே அதை வெளியில் இருந்துதான் பார்த்தார்.

அந்த ஆண்டு தொழில்முறை அணிகளின் தேர்வில் அவரை எவரும் எடுக்கவில்லை. ஆனாலும் 2019 இல் ரொறன்ரோ றப்ரேர்ஸ் கிண்ணம் வென்றபோது அவர் அந்த அணியில் இருந்தார்.

லாசாலில் பந்தோடு திரியும் பிள்ளையைப் பார்த்து "உருப்படாது" என்று சொல்ல வாய் எழும். படிப்பை விடச் சொல்லவில்லை. தோற்ற அணிக்கும் ஒரு வழி வேண்டுமென விதியையே மாற்றினார்கள். நமது வீட்டுக்குள் ஒரு தோல்விக்குப் பிறகு கதவை மூடாமல் இருப்போமே.