தெற்குமலைத் தடங்கள் – 14: ரங்கையாவின் தூரிகை

சென்னை கவர்னர் லஷிங்டன் 1828-ல் இயற்கையாளர் பதவியை ஒழித்த இடத்தில் சென்ற வாரம் நிறுத்தினோம். சேகரித்த செடிகள் லண்டனுக்குப் போயின. அந்தப் பதவியில் இருந்த ராபர்ட் வைட் படை மருத்துவராக நாகப்பட்டினம் போனார். சிக்கனம் என்று சொல்லி ஓர் அறிவுத்துறையின் கழுத்தை நெரித்த லஷிங்டனை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வைட் அசரவில்லை. கைக்காசில் ஆள் வைத்துச் செடி சேர்த்தார். 1831-ல் விடுப்பில் ஸ்காட்லாந்து கிளம்பியபோது அவருடன் போனவை சுமார் 1 லட்சம் உலர்மாதிரிகள். எடை 2 டன்.

ஏன் அவ்வளவு? ஒவ்வொரு செடியிலும் பல கிளைகள் ஒடித்து, தாளிடுக்கில் உலர்த்தி, நாடு நாடாகப் பங்கிட்டுக் கொடுக்கத்தான். மலைப்பக்கமே வராத அறிஞரும் அந்தக் கிளையை வைத்து ஆராயலாம். 1834-ல் வைட் வெளியிட்ட நூலில் சூரியகாந்திக் குடும்பத்தை எழுதியவர் ஜெனீவாவின் டி கண்டோல். கோரைக் குடும்பத்தை எழுதியவர் ஜெர்மானியரான நீஸ் ஃபான் எசன்பெக். இன்று பல நாடுகள் கூடித் தொலைநோக்கி கட்டுகின்றன. அதுபோல, அன்று பல நாட்டு அறிஞர்களுக்குப் பொதுச்சொத்தாக இருந்தவை இந்த உலர்ந்த இலைக்கட்டுகள்.

ஆனால் உலர்ந்த பூவில் நிறம் நிற்காது, வடிவமும் நசுங்கிவிடும். அந்தக் குறையைத் தீர்த்தவர் வைட்டின் ஓவியர் ரங்கையா. இந்தத் தொடரில் நான் மிகவும் நேசிக்கும் மனிதர் இவர்தான். பூவைப் பிளந்து மகரந்தத்தாள்களை எண்ண வேண்டும். சூலகத்தைக் குறுக்கே அறுத்து அறைகளைப் பார்க்க வேண்டும். பார்த்ததைப் பல மடங்கு பெரிதாக்கி, ஒரு நரம்புகூடப் பிசகாமல் வரைய வேண்டும். நாகப்பட்டினத்தில் அவர் வரைந்த படங்கள் கிளாஸ்கோவில் தாவரவியலாளர் ஹூக்கரின் மேசைக்குப் போய், அவருடைய இதழில் அச்சேறின. பின்னாளில் ரங்கையாவின் இடத்துக்குக் கோவிந்து வந்தார். 1838 முதல் 1853 வரை சென்னையில் கல்லச்சில் வெளியான வைட்டின் ‘ஐகோன்ஸ்’ நூலின் ஆறு தொகுதிகளில் 2,101 படங்கள். அவற்றில் பெரும்பகுதி இவ்விருவர் கைவண்ணம். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்துவின் பெயரைச் சூட்டினார் வைட். அந்தப் பெருந்தன்மைக்காக அவரைக் கும்பிடலாம். ஆனாலும் நம் தாவரவியல் வகுப்புகளில் வைட் பெயர் கேட்கிறது. ரங்கையா பெயர் கேட்பதில்லை. படத்தின் அடியில் பொடியெழுத்தில் நின்றுவிட்ட அந்தப் பெயரை, தென்காசிப் பிள்ளைகளாவது உரக்கச் சொல்ல வேண்டும்.

ஏனெனில் இந்தக் கதையில் தென்காசிப் பக்கத்துக் குற்றாலத்துக்கும் பெரும்பங்கு உண்டு. 1834-ல் இந்தியா திரும்பிய வைட், பெல்லாரியில் இருந்த படைப்பிரிவில் சேர்ந்து, அதனுடன் பாளையங்கோட்டை வந்தார். குற்றாலத் தாவரங்களைப் பற்றிச் சென்னையின் இலக்கிய, அறிவியல் இதழில் எழுதினார். சாரல் காலத்தில் அங்கே செடி உலர்த்துவது லேசான வேலையில்லை. தாள் ஈரம் வாங்கிவிடும்; மாற்றிக்கொண்டே இராவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். அந்தப் பாட்டைப் பட்டதால்தான், குற்றால மலையின் கிளைகளை இன்று லண்டன் கியூ தோட்டத்து உலர்தாவரத் தொகுப்பில் எந்த நாட்டு ஆய்வாளரும் எடுத்துப் பார்க்க முடிகிறது.

வைட்டின் குற்றால மலையேற்றம், அடுத்த வாரம்.