மைசூரின் தீயணைப்புப் பணியும் அதன் தலைமையும்

மைசூர் அரண்மனைக்கு வருகிறவர்கள் கல்யாண மண்டபத்தின் வார்ப்பிரும்புத் தூண்களை அண்ணாந்து பார்த்து வியக்கிறார்கள். கிளாஸ்கோ நகரின் வால்டர் மெக்ஃபர்லேன் வார்ப்பாலையிலிருந்து கப்பலேறி வந்த தூண்கள் அவை. இரும்பு அங்கே வந்தது அழகுக்காக மட்டுமல்ல. 1897 பிப்ரவரியில், இளவரசி ஜயலக்ஷ்மம்மண்ணியின் திருமணக் கொண்டாட்டத்தின்போது, மரத்தால் ஆன பழைய அரண்மனை எரிந்துபோனது. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அப்போது சிறுவர். அவர் சார்பில் ஆட்சியை நடத்திய தாயார் கெம்பநஞ்சம்மண்ணி, சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தில் பெயர் பெற்ற ஹென்றி இர்வினிடம் புதிய அரண்மனையை ஒப்படைத்தார். கல், செங்கல், இரும்பு ஆகியவற்றைக் கொண்டு 1912இல் வேலை முடிந்தபோது செலவு 41 லட்சம் ரூபாயைத் தாண்டியிருந்தது. தீயிலிருந்து காத்துக்கொள்ள இந்த ஊர் செய்த முதல் பெரிய செலவு அதுதான் என்பேன். தீ வந்த பிறகு என்ன செய்வது என்பதைவிட, தீக்கு இரை கிடைக்காமல் எப்படிக் கட்டுவது என்று அன்றைய ஆட்சி யோசித்தது.

மாநிலத்துக்கே மைசூர் என்று பெயர் இருந்த நாளில், 1964இல், தீயணைப்புப் படைக்கென்று தனிச் சட்டம் வந்தது. இன்று அதே படை கர்நாடக மாநிலத் தீயணைப்பு மற்றும் அவசர சேவைகள் துறை. சரஸ்வதிபுரம் நிலையத்தைத் தெரியாத மைசூர்வாசி குறைவு. ஊர் வளர வளர பன்னிமண்டபம், ஹெப்பாள் தொழிற்பேட்டைப் பக்கங்களுக்கும் நிலையங்கள் வந்தன.

ஆனால் இந்த ஊரின் தீயணைப்பு வரலாற்றை எழுதுகிற எவரும் 1989 பிப்ரவரி 8ஆம் தேதியைத் தாண்டிப் போக முடியாது. ஹுன்சூர் சாலைப் பக்கம் இருந்த பிரீமியர் ஸ்டுடியோவில் ‘தி ஸ்வோர்ட் ஆஃப் திப்பு சுல்தான்’ தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. தளத்துக்குள் தீப்பிடித்தது. 62 பேர் இறந்தார்கள். நாயகனாக நடித்த சஞ்சய் கான் பலத்த தீக்காயங்களோடு உயிர் பிழைத்து, ஓராண்டுக்கு மேல் மருத்துவமனையில் கிடந்தார். தளர்ந்துபோன மின்கம்பிகள், காற்றுப்போக்கு இல்லாத கொட்டகை, எளிதில் பற்றுகிற அலங்காரப் பொருட்கள், விளக்குகளின் கடுஞ்சூடு. தீயை அணைக்க அங்கே இருந்ததெல்லாம் கொஞ்சம் மணலும் சில வாளித் தண்ணீரும்தான். 1897இல் அரண்மனை கற்றுக்கொண்டதை, அதே ஊரில் 92 ஆண்டுகள் கழித்து ஒரு படப்பிடிப்புத் தளம் கற்றுக்கொள்ளாமல் இருந்தது. இதை எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. தீயணைப்பு வண்டி எவ்வளவு வேகமாகப் போயிருந்தாலும் மூடிய கொட்டகைக்குள் அந்த முதல் நிமிடங்களை அது திருப்பிக் கொடுத்திருக்காது.

அந்த நிமிடங்களை முன்கூட்டியே காப்பாற்றுவதுதான் தீயணைப்பு அதிகாரியின் மெய்யான வேலை. தீயணைப்பு வீரர், முன்னணித் தீயணைப்பாளர், உதவி நிலைய அதிகாரி, நிலைய அதிகாரி, மாவட்ட அதிகாரி, மண்டல அதிகாரி என்று ஏறிப் போகிற பணி இது. கீழே இருக்கும்போது கற்பது குழாயைப் பிடிக்க. மேலே போகப் போகக் கற்க வேண்டியது தண்ணீர்க் கணக்கு. ஒரு வண்டியில் சுமார் 4,500 லிட்டர் இருக்கும். ஒரே குழாயில் முழு வேகத்தில் பீய்ச்சினால் பத்து நிமிடம்கூடத் தாங்காது. அதனால் விவரம் தெரிந்த அதிகாரி வண்டியை விட்டு இறங்கியதும் தீயைப் பார்க்கும்போதே, அடுத்த தண்ணீர் எங்கே என்றும் கேட்டுவிடுவார். குக்கரஹள்ளி ஏரியும் காரஞ்சி ஏரியும் இன்னும் இருப்பது நம் பாக்கியம். தொட்டகெரெ மைதானத்தில் இப்போது தசராப் பொருட்காட்சி நடக்கிறது. ஒரு காலத்தில் அது ஏரி.

தேவராஜ மார்க்கெட்டைச் சுற்றியுள்ள நெரிசலில் பெரிய வண்டி திரும்புவதே பாடு. அங்கே எந்தச் சந்து வரை வண்டி போகும், எங்கிருந்து குழாயை இழுத்துக்கொண்டு ஓட வேண்டும் என்பதை மனப்பாடமாக வைத்திருப்பவரே நல்ல நிலைய அதிகாரி. எந்தப் பதவி உயர்வுக் கோப்பிலும் இந்த அறிவுக்கு மதிப்பெண் இல்லை.

தசரா வந்தால் பொறுப்பு இரட்டிப்பாகும். அரண்மனையில் ஏறக்குறைய ஒரு லட்சம் விளக்குகள். ஜம்பு சவாரி ஊர்வலத்தன்று பீரங்கியிலிருந்து 21 குண்டுகள் முழங்கும். அதற்கான ஒத்திகைகள் முன்பே நடக்கும். வளாகத்துக்குள்ளேயே யானைகளும் பாகர் குடும்பங்களும் அவர்களுடைய அடுப்புகளும். விஜயதசமி இரவு பன்னிமண்டபத்துத் தீப்பந்த அணிவகுப்பில் எரியும் பந்தங்களைக் கையில் ஏந்தியபடி வரிசை வரிசையாக ஆட்கள் நகர்வார்கள். கூட்டம் முழுவதும் பந்தத்தையே பார்க்கும். ஓரமாக நிற்கும் தீயணைப்பு வண்டியை யாரும் பார்ப்பதில்லை. ஒன்றும் நடக்காமல் முடிகிற ஒவ்வொரு தசராவும் அந்த அணியின் சாதனை. அதைச் செய்தியாக்க எந்தப் பத்திரிகைக்கும் வழியில்லை என்பதால் இந்த மலரிலாவது பதிவாகட்டும்.

பெயரில் தீ இருந்தாலும் வேலை தீயோடு நிற்பதில்லை. 2019 பிப்ரவரியில் பந்திப்பூர்க் காடு பற்றியெரிந்து, விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் மேலிருந்து தண்ணீர் கொட்டின. அதே ஆண்டு ஆகஸ்டில் கபினி பெருக்கெடுத்து நஞ்சன்கூட்டுக்குள் புகுந்தது. ஆறு மாத இடைவெளியில் ஒரே வட்டாரம் நெருப்பையும் வெள்ளத்தையும் பார்த்தது.

தலைமையைப் பற்றி ஒரு வார்த்தை. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ‘ஃபோர்ட் ஸ்டைகைன்’ கப்பல் வெடித்து 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டார்கள். அந்த நாளைத்தான் நாடு முழுவதும் தீயணைப்போர் நாளாக அனுசரிக்கிறோம். அன்று படைத் தலைவர் நார்மன் கூம்ஸ் அலுவலகத்தில் இல்லை, துறைமுகத்தில் தம் ஆட்களோடு நின்றார். சென்னையில் 2012 பொங்கல் விடுமுறையில் சேப்பாக்கம் எழிலக வளாகத்தின் கலச மஹால் எரிந்தபோது, கோட்ட அதிகாரி பிரியா ரவிச்சந்திரன் உள்ளே போனார். கூரை இடிந்து அவருக்குக் கடுமையான தீக்காயம். உடன் சென்ற முன்னணித் தீயணைப்பாளர் அன்பழகன் உயிரிழந்தார். பிரியாவும் இன்னொரு தீயணைப்பு அதிகாரியான மீனாட்சி விஜயகுமாரும் 2003இல் பணியில் சேர்ந்தபோது, இந்தப் பொறுப்புக்குப் பெண்கள் வருவதே நாட்டுக்குப் புதிது.

மும்பையில் மாநகராட்சியின் தீயணைப்புப் படைக்கு, படையிலேயே வளர்ந்தவர் தலைவராக முடிகிறது. கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் உச்சி நாற்காலியில் ஐ.பி.எஸ். அதிகாரி அமர்வதே வழக்கம். அவர்களில் திறமையானவர்கள் பலர் வந்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனாலும் முப்பது ஆண்டுகள் புகைக்குள் போய் வந்தவருக்கு, தம் துறையின் தலைமை எட்டாத உயரமாகவே இருப்பது நியாயமில்லை. கட்டடத்தைப் பார்த்தவுடன் அதன் ஆபத்தைச் சொல்லத் தெரிந்தவருக்கு, அதைப் பூட்டி வைக்கச் சொல்லும் அதிகாரமும் கூடவே வேண்டும். பெங்களூரில் 2010 பிப்ரவரியில் கார்ல்டன் டவர்ஸ் புகையில் 9 பேர் இறந்த பிறகுதான் உயரமான கட்டடங்களின் தீப் பாதுகாப்பு பற்றி மாநிலம் முழுவதும் பேச்சு எழுந்தது. சாவுக்குப் பிறகு வருகிற உத்தரவு, சாவுக்கு முன்னால் ஒரு நிலைய அதிகாரியின் கையெழுத்தாக வந்திருக்க வேண்டும்.

இதைப் படிப்பவர்களில் கல்யாண மண்டபம் நடத்துபவர்கள், பள்ளித் தாளாளர்கள், மருத்துவமனை நிர்வாகிகள், கடைக்காரர்கள் இருப்பீர்கள். உங்கள் பின்கதவில் பூட்டு தொங்குகிறதென்றால் இன்றே கழற்றிவிடுங்கள். மாடிப்படிக்கு அடியில் அடுக்கியிருக்கும் அட்டைப் பெட்டிகளை அகற்றுங்கள். தீயணைக்கும் கருவியின் காலாவதித் தேதியைப் பாருங்கள். அருகிலுள்ள நிலையத்துக்கு ஒருமுறை போய், உங்கள் கட்டடத்தை வந்து பார்க்கும்படி அதிகாரியைக் கேளுங்கள். அவசரத்துக்கு அழைக்க 101, அல்லது 112.