கூரை நீங்கிய மோட்டார் வண்டி

கண்டி நகருக்குத் தெற்கே எழுந்து நிற்பது ஹந்தானை மலைத்தொடர். தேயிலைச் சரிவுகளினூடே வளைந்து வளைந்து ஏறும் அம்மலைப் பாதையிலே, திறந்த மோட்டார் வண்டியிற் செல்லும் இன்பத்தை விரும்பாதார் யார்? ஆயினும், மூடிய வண்டியொன்றின் கூரையை அறுத்தெடுத்துத் திறந்த வண்டியாக்குவது எளிய செயலன்று. ஏன் என்பதை வரலாறு காட்டுகின்றது.

இருவர் அமர்ந்து செல்லும் ஒயிலான மூடிய வண்டியைக் 'கூப்பே' என்பர். பிரெஞ்சு மொழியில் இச்சொல்லுக்கு 'வெட்டப்பட்டது' என்பது பொருள். குதிரை வண்டிக் காலத்தில், எதிரெதிர் இருக்கைகள் கொண்ட பெரிய வண்டியின் முன்பாதியை நீக்கிச் செய்த சிறு வண்டிக்கே முதலில் இப்பெயர் வழங்கிற்று. நமது நாட்டில் கொழும்புக்கும் கண்டிக்குமிடையே தபால் குதிரை வண்டி ஓடத் தொடங்கியது 1832இல். அக்காலத்து வண்டிகளிற் பாரத்தைத் தாங்கியது அடிச்சட்டமே; கூரை வெயிலுக்கும் மழைக்கும் ஒரு குடை, அவ்வளவுதான்.

மோட்டார் வண்டி வந்த பின்னரும் நெடுங்காலம் இம்முறையே நிலவிற்று. தொழிற்சாலை அடிச்சட்டத்தையும் எந்திரத்தையும் கொடுக்கும். வண்டிக்கூடு கட்டுவோர் மரச்சட்டமும் தகடும் கொண்டு மேற்கூட்டை அமைப்பர். இலங்கையிலும் இறக்குமதியான லொறிச் சட்டங்களின் மேல் நம் தச்சர்கள் பலகையாலே பஸ் கூடு கட்டினர். அத்தகைய வண்டியிற் கூரையை நீக்கினாலும் வலிமை பெரிதும் குறையாது.

இந்நிலை பின்னர் மாறிற்று. 1922இல் இத்தாலியின் லான்சியா லாம்ப்டாவும், 1934இல் பிரான்சின் சித்ரோன் வண்டியும் தனி அடிச்சட்டத்தைக் கைவிட்டன. வண்டிக்கூடே பாரந்தாங்கும் உடலாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இம்முறை எங்கும் பரவியது. தீப்பெட்டியின் மேலுறையைக் கையிலெடுத்து முறுக்கிப் பாருங்கள், எளிதில் வளையாது. அதன் ஒரு பக்கத்தை நீளவாக்கில் வெட்டிவிட்டு முறுக்கினால் உடனே துவளும். கூரை இழந்த வண்டியின் நிலையும் அதுவே.

இதற்கு நல்ல சான்று ஜாகுவார் நிறுவனத்தின் எக்ஸ்ஜே-எஸ் வண்டி. 12 சிலிண்டர் எந்திரம் பூண்ட அவ்வுயர்விலைக் கூப்பே 1975இல் வெளிவந்தபோது அதற்குத் திறந்த வடிவம் இருக்கவில்லை. திறந்த வண்டிகளை அமெரிக்கச் சட்டம் தடுக்கக்கூடும் என்ற அச்சம் அக்காலத்தில் நிலவியது. 1983இல் கூரைப் பகுதிகளைக் கழற்றத்தக்க வடிவம் வந்தது. எனினும் பக்கச் சட்டங்களும் நடுவளைவும் அப்படியே விடப்பட்டன. முழுதும் திறந்த வண்டியையே அமெரிக்கர் வேண்டினர். ஆகவே, 1961இல் ஜனாதிபதி கென்னடியின் வண்டியை மாற்றியமைத்த ஒஹையோ மாநிலத்து ஹெஸ் அண்ட் ஐசன்ஹார்ட் நிறுவனத்தார், 1980களின் பிற்பகுதியிற் கூப்பேக்களின் கூரையை நீக்கித் துணிக்கூரை பொருத்தினர். இறுதியில், ஜெர்மனியின் கார்மன் நிறுவனத்தின் துணையோடு, 1988இல் ஜாகுவாரே முழுத் திறந்த வண்டியை வெளியிட்டது. பதின்மூன்று ஆண்டுகள் சென்றன!

அறுப்பது ஒரு நாள் வேலை. அறுத்தபின் வாயிலின் அடிவிளிம்புகளையும், தளத்தையும், முன்கண்ணாடித் தூண்களையும் உருக்கால் வலுப்படுத்துவதே உண்மையான வேலை. அதனால் எடை ஏறும். விரைவு சற்றுக் குறையும். அதைச் செய்யாது விட்டாலோ, மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் ஒரு சக்கரம் மேடேறும்போது உடல் முறுகும், கதவு பொருந்தாது, கண்ணாடி விரிசல் காணும். வண்டி கவிழ்ந்தால் தலைக்கு மேலே காவலும் இராது.

கூரையை நீக்கத் துணிபவர், அது அதுவரை சுமந்த பாரத்தை இனி எது சுமக்கும் என்று முதலிற் கேட்டறிதல் வேண்டும். உயிரைக் காக்கும் கேள்வி அதுவே.